165 குதிரைகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும்!

சம்பளச் சீட்டை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். மேலே 'மொத்தச் சம்பளம்' என்று கம்பீரமாக ஒரு எண். அடியில் 'கைக்கு வருவது' என்று பரிதாபமாக இன்னொரு எண். நடுவில் பி.எஃப்., வருமான வரி, சொஸைட்டி லோன் என்று நாலைந்து ஆசாமிகள். உங்கள் மாதம் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிப்பது மேலே இருக்கிற எண் அல்ல, அந்த நடு ஆசாமிகள்தான்!

பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் இதே கதிதான். எஞ்சின் தருவது மொத்தச் சம்பளம். பனியைத் தொடும் ரப்பர் டிராக்குக்குப் போய்ச் சேருவது கைக்கு வருவது. நடுவில் உட்கார்ந்து கொண்டு பிடித்தம் போடுகிற குமாஸ்தாவின் பெயர், கிளட்ச்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலம் வந்துவிட்டால், இந்தக் குமாஸ்தாவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கார் ஷெட்டுக்குள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆட்கள் ஏராளம். அவர்களுடைய வித்தையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முதலில் வண்டி. முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ஒரு ரப்பர் டிராக், நடுவில் எஞ்சின், மேலே ஸீட். அவ்வளவுதான். இன்றைக்கு இது விளையாட்டுச் சாமான். ஆனால் பிறந்த கதை விளையாட்டல்ல. கனடாவில் க்யூபெக் மாகாணத்தைச் சேர்ந்த மெக்கானிக் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். 1934-ம் வருடக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடும் உபாதை. சாலை முழுக்கப் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. சின்ன வயசிலிருந்தே பனிவண்டி செய்து பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அதன் பிறகு அதுவே தவமாகிவிட்டது. 1937-ல் ஏழு பேர் போகிற பனிவண்டியை விற்க ஆரம்பித்தார். 1959-ல் 'ஸ்கி-டூ' என்ற சின்ன வண்டி வந்தது. அதற்குள் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ரோஸோ என்ற ஊரில் போலாரிஸ் கம்பெனிக்காரர்களும் 1956-ல் ஒன்றைத் தட்டிக் கொட்டிச் செய்திருந்தார்கள்.

இன்றைய வண்டிகளில் 850 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 165 குதிரை சக்தி. நம் ஊர்ச் சின்னக் காரைப் போல இரண்டு மடங்கு! அதை விரட்டுவது வலது கட்டைவிரலால் அமுக்கும் ஒரு சின்ன லீவர். கியர்? கிடையாது.

கியர் இல்லாத மாயம்

'கியரே இல்லாமல் எப்படி சார்?' என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தபோது, 'கியரும் இல்லை, கிளட்சும் இல்லை, இதெல்லாம் ஒரு வண்டியா?' என்று மீசை வைத்தவர்கள் சிரித்தார்கள். இன்றைக்குத் தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அந்த ஜாதிதான். உள்ளே இருப்பது இரண்டு கப்பி, ஒரு பெல்ட். ஸ்னோமொபைலிலும் அதே தத்துவம். என்ன, குதிரைகள்தான் இருபது மடங்கு!

1958-ல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி இந்த பெல்ட் முறையைக் காரிலேயே பொருத்தியது. அதில் ஒரு வேடிக்கை: கியர் என்று எதுவும் இல்லாததால், அந்தக் கார் முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகும். டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரிவர்ஸிலேயே ரேஸ் விட்டு ரசித்தார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். எஞ்சினோடு சுற்றுவது பிரைமரி கிளட்ச். இரண்டு கூம்புத் தட்டுகள், எதிரும் புதிருமாக. வேகமாகச் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் மூன்று சின்ன எடைக்கட்டைகள், ராட்டினத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி வெளியே வீசப்படும். அந்த வேகத்தில் ஒரு தட்டை இன்னொரு தட்டை நோக்கித் தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட பெல்ட் நசுங்கி மேலே ஏறும். அதாவது, சின்னக் கப்பி பெரிய கப்பியாகிவிடும்.

பெல்ட்டின் நீளம் மாறாதே! அதனால் மறுமுனையில் இருக்கும் செகண்டரி கிளட்சின் தட்டுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். அங்கே பெரிய கப்பி சின்னதாகும். இதுதான் டாப் கியர். ஏற்றம் வந்தால்? செகண்டரிக்குள் ஹீலிக்ஸ் என்று ஒரு சரிவான பாதை. பாரம் கூடினால் தட்டு அந்தச் சரிவில் திருகிக்கொண்டு மூடும். பெல்ட்டைத் திரும்ப மேலே தள்ளும். நீங்கள் எதையும் தொடவில்லை, வண்டி தானாக லோ கியருக்கு வந்துவிட்டது. சொல்லாமலே வேலை செய்கிற குமாஸ்தா. கிடைக்குமா நம் ஆபீஸில்?

எதற்கு நோண்ட வேண்டும்?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு குணம். முழு சக்தியையும் ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் கொடுக்கும். பெரிய எஞ்சின்களில் இது நிமிஷத்துக்கு 8,000 சுற்றுக்கு அக்கம்பக்கம். அதற்கு முன்னூறு சுற்று கீழே என்றால் சோம்பல். முன்னூறு சுற்று மேலே என்றால் வெறும் கூச்சல். மீட்டிங்கில் சிலர் பேசுவது மாதிரி, சத்தம் ஜாஸ்தி, வண்டி நகராது.

கட்டைவிரலை முழுக்க அமுக்கினால், முதல் அடியிலிருந்து கடைசி வரை எஞ்சின் அந்த ஒரே சுற்றில் நிற்க வேண்டும். வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போக வேண்டும். ட்யூனிங் என்பதன் லட்சியம் இந்த ஒரு வரிதான்.

கம்பெனிக்காரன் இதைச் செய்துதானே அனுப்புகிறான்? செய்கிறான். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக. ரெடிமேட் சட்டை மாதிரி. 'கொஞ்சம் தோள் இடிக்கிறதே' என்கிறவர்களுக்காகத்தான் வெளிக்கம்பெனிகள் கிளட்ச், எடைக்கட்டை, ஸ்பிரிங், ஹீலிக்ஸ் என்று தனியாகச் செய்து விற்கின்றன. இதை ஆஃப்டர்மார்க்கெட் என்பார்கள். ஓலவ் ஆன் என்ற எஞ்சினீயர் கிளட்ச் ட்யூனிங்குக்கென்றே ஒரு கையேடு எழுதி, அது இந்தப் பைத்தியக்காரர்களுக்குப் பாராயண நூலாகிவிட்டது.

இடிக்கிற முக்கியமான இடம், உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தி போய்விடும் என்பது கைக்கணக்கு. மினசோட்டாவின் சமவெளியில் 165 குதிரையோடு துள்ளும் வண்டியை, ராக்கி மலைகளில் 9,000 அடிக்குக் கொண்டுபோனால் 27 சதவீதம் காலி. மிச்சம் சுமார் 120 குதிரை. கிளட்சில் இருக்கும் எடைக்கட்டைகளோ இன்னமும் 165-க்கான பாரத்தைச் சுமத்துகின்றன. சம்பளம் குறைந்துவிட்டது, பிடித்தம் மட்டும் பழையபடி! எஞ்சின் முக்கி முனகி, சுற்று இறங்கி, இருக்கிற 120-ஐயும் கொடுக்க முடியாமல் திணறும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் ஸ்கி-டூ தன் 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ வைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தது. 8,000 அடி வரை 165 குதிரையும் குறையாது என்று வாக்குக் கொடுத்தது. டர்போ இல்லாதவர்களுக்கு? ஸ்பானரே துணை.

நாலு சாவிகள்

முதல் சாவி, எடைக்கட்டை. கனமாக்கினால் சுற்று இறங்கும், லேசாக்கினால் ஏறும். ஒரு கிராமுக்கு நூறிலிருந்து இருநூறு சுற்று வரை வித்தியாசம் காட்டும். ஒரு கிராம்! அதனால்தான் இவர்கள் மேஜையில் நகைக்கடைத் தராசு இருக்கிறது. ஆஃப்டர்மார்க்கெட் கட்டைகளில் குட்டி குட்டி ஓட்டைகள் போட்டு, திருகாணி வைத்துக் கனத்தைக் கூட்டிக் குறைக்க வசதி செய்திருப்பார்கள். அடிப்பக்கம் கனத்தைச் சேர்த்தால் புறப்படுகிற இழுவை மாறும். நுனியில் சேர்த்தால் உச்ச வேகத்தில் தெரியும். மூன்று கட்டையும் ஒரே எடையாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் ஆட்டம் காணும்.

இரண்டாவது, பிரைமரி ஸ்பிரிங். எந்தச் சுற்றில் பெல்ட்டைக் கவ்வ வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. ரேஸ்காரர்கள் விறைப்பான ஸ்பிரிங் போட்டு, 4,000 சுற்றைத் தாண்டிக் கவ்வ விடுவார்கள். வில்லிலிருந்து அம்பு மாதிரி கிளம்பும். ஆனால் காட்டுப் பாதையில் மெதுவாகப் போக முடியாது. தவளை மாதிரி தத்தும்.

மூன்றாவது, ஹீலிக்ஸ். சரிவு கோணம் பெரிதாக இருந்தால் வண்டி சட்டென்று டாப்புக்குப் போகும். கோணம் சின்னதென்றால் நிதானமாகப் போகும். ஏற்றம் வந்தால் சட்டென்று லோவுக்குத் திரும்பும். மலை ஏறுகிறவருக்கு இரண்டாவதுதான் உயிர்.

நாலாவது, செகண்டரி ஸ்பிரிங். இறுக்கினால் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடிக்கும், சுற்றும் ஏறும். ஆனால் அளவுக்கு மீறினால் பிடித்த பிடியிலேயே சக்தி வீணாகும், பெல்ட் சூடாகும்.

இங்கேதான் புதுசாக வருகிறவர்கள் கவிழ்கிறார்கள். நாலு சாமானையும் ஒரே பார்சலில் வரவழைத்து, ஒரே ராத்திரியில் மாட்டிவிடுவது! மறுநாள் வண்டி மோசமாக ஓடினால் குற்றவாளி யார்? தெரியாது. நன்றாக ஓடினாலும் புண்ணியவான் யார்? அதுவும் தெரியாது. ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகாதபோது நாலு பக்கத்தையும் ஒரேயடியாகத் திருத்துகிற கணக்கப்பிள்ளை மாதிரிதான்.

கில்லாடிகள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். மாற்றியதை நோட்டில் எழுதுவார்கள். தேதி, உயரம், குளிர், பனி மாவாக இருந்ததா, கெட்டியாக இருந்ததா, எத்தனை சுற்று காட்டியது, எல்லாம். எஞ்சினும் புகைக்குழாயும் நன்றாகச் சூடேறிய பிறகே சோதனை. குழாய் ஜில்லென்று இருந்தால் எஞ்சினின் உச்சமே இடம் மாறிவிடும்.

தப்பினால் என்ன ஆகும்?

பைசா போகும், அது சாதாரணம். ஒரு பெல்ட்டே நூறு டாலரைத் தாண்டும். கிளட்ச் சரியாகக் கவ்வாமல் வழுக்கினால் பெல்ட் பழுத்து, நூல் நூலாகப் பிய்ந்து வெடிக்கும். 8,000 சுற்றில் வெடிக்கிற பெல்ட், மூடிக்குள் சாட்டை வீசும். விரிசல் கண்ட கிளட்சே சிதறினால் துண்டுகள் குண்டு மாதிரி பறக்கும். அதனால்தான் ரேஸில் உறுதியான மூடி கட்டாயம். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை உறுமவிட்டு 'உள்ளே என்ன நடக்கிறது' என்று குனிந்து பார்ப்பவனை நல்ல மெக்கானிக் பக்கத்திலேயே சேர்க்கமாட்டான்.

இதைவிடப் பெரிய ஆபத்து மலையில். செங்குத்துச் சரிவில் பாதி ஏறும்போது எஞ்சின் திணறினாலோ, பெல்ட் அறுந்தாலோ, வண்டி அங்கேயே புதைந்துவிடும். சும்மா புதைந்தால் பரவாயில்லை. மேலே பல டன் பனி, எப்போது சரியலாம் என்று காத்துக்கொண்டிருக்கும் இடம் அது. தெரிந்தவர்கள் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறுவார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நின்று கண்கொட்டாமல் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் சிக்னல் கருவி, முதுகில் மண்வாரி, பனிக்குள் குத்திப் பார்க்க நீளக் கம்பி. அந்த இடத்தில், 'ஒரு கிராம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற அலட்சியத்துக்கு விலை டாலரில் இல்லை.

பஞ்ச சீலம்

மினசோட்டாவானாலும் கனடாவானாலும் பெரிய கைகள் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஐந்து:

1. முதலில் சுத்தம். கப்பித் தட்டுகளில் கருப்புத் தூள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த ட்யூனிங்கும் பலிக்காது. ஆல்கஹாலால் துடை. (துடைக்க மட்டும்!)

2. புது பெல்ட்டுக்கு வெந்நீரில் சோப்புக் குளியல். தொழிற்சாலைப் பிசுக்குப் போக வேண்டும். பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டர் புது மாப்பிள்ளை மாதிரி மரியாதையாக நடத்து.

3. இரண்டு கப்பியும் நேர்கோட்டில் இருக்கிறதா பார். கோணலாக இருந்தால் பெல்ட் ஒரு பக்கம் தின்னும்.

4. பிரைமரியைக் கழற்ற அதற்கான புல்லரைப் பயன்படுத்து. சுத்தியலை எடுத்தவன் பர்ஸையும் எடுக்க வேண்டிவரும்.

5. ஓட்டி முடித்ததும் சூட்டைப் பார். எஞ்சினை அணைத்த பிறகு, மூடியைத் திறந்து. கை வைக்க முடியாதபடி கொதித்தால், உன் குதிரைகள் பனியை விட்டுவிட்டு ரப்பரை வேகவைத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இந்த ஐந்தையும் கற்றவர்களுக்குக் குளிர்காலம் வரைக்கும் பொறுமை இருக்காது. மினசோட்டாவில் செப்டம்பர் மாதம், பனியே இல்லாத புல்வெளியில் ஸ்னோமொபைலை வைத்து டிராக் ரேஸ் விடுகிறார்கள். விஸ்கான்ஸினில் கிராண்ட்ஸ்பர்க் என்ற ஊரில் நடுக்கோடையில் ஏரித் தண்ணீர் மேலேயே ஓட்டுகிறார்கள்! வேகம் குறைந்தால் வண்டி கப்பல் கணக்கில் மூழ்கும். ஒழுங்காக ட்யூன் செய்யாத கிளட்சுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை ஏது?

நமக்குப் பனி இல்லை. ஆனால் பெல்ட் இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் ஸ்கூட்டர் 'உர்ர்ர்' என்று கத்திக்கொண்டு, மேம்பாலம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தால், உடனே எஞ்சினைத் திட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் அந்த இடதுபக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பெல்ட் விளிம்பில் விரிசலா பாருங்கள். உள்ளே ஆறு குட்டி ரோலர்கள் இருக்கும், ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தால் ஆறையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

'பரவாயில்லையே, சாருக்கு இதெல்லாம்கூடத் தெரிஞ்சிருக்கே!' என்பார் மெக்கானிக். பில்லில் பத்து ரூபாய்கூடக் குறைக்க மாட்டார். அது வேறு டிபார்ட்மெண்ட்!