டர்போவின் அழுத்தக் குறைவும் உணர்கருவியின் சாட்சியமும்

மலைச்சாலையில் ஏறிச் செல்லும் டீசல் வாகனம் நடுவழியில் வலுவிழப்பதைக் களப்பணியாளர் பலர் கண்டிருப்பர். மருந்துப் பெட்டிகளையும் விதை மூட்டைகளையும் சுமந்து செல்லும் வண்டி இவ்வாறு தளர்ந்தால் ஒரு நாள் பணியே தடைப்படும். பின்னர்ப் பணிமனையில், ‘டர்போ கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்’ என்ற தீர்ப்புக் கிடைப்பதும் உண்டு. டர்போ விலையுயர்ந்த உறுப்பு. ஆனால் பல சமயங்களில் உண்மையான குற்றவாளி வெடித்துப்போன ஒரு ரப்பர்க் குழாயாகவோ, கரி படிந்த ஓர் உணர்கருவியாகவோ இருக்கும். அழுத்தத்தைக் காட்டும் எண்களை முறையாகப் படிக்க அறிந்தவர் இவ்வீண் செலவைத் தவிர்க்கலாம்.

டர்போவின் தத்துவம் எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப அதிக டீசலை எரிக்கலாம், வலுவும் மிகும். ஸ்விட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறு டீசல் எஞ்சின்களில் இந்த அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல்கிறது.

அமுக்கப்பட்ட காற்று எவ்வளவு அழுத்தத்தில் உள்ளது என்பதை எஞ்சினின் கணிப்பொறிக்குத் தெரிவிப்பது சென்சார் எனப்படும் உணர்கருவி. அதனுள் மெல்லிய சிலிக்கன் தகடு ஒன்று இருக்கிறது. அழுத்தத்தால் தகடு வளையும்போது அதிலுள்ள மின்தடைகள் மாறுகின்றன. பெரும்பாலான கருவிகளுக்கு 5 வோல்ட் மின்சாரம் அளிக்கப்படும். அழுத்தம் உயர உயர அவை திருப்பி அனுப்பும் வோல்ட்டும் உயரும்.

இரு அளவைகள்

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் அவசியம். பணிமனையின் முள் காட்டும் கேஜ், வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் எவ்வளவு என்பதை மட்டுமே காட்டும். உணர்கருவியோ வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு முழு அழுத்தத்தையும் அளக்கிறது. கடல் மட்டத்தில் வாயுமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். எனவே, அங்கே கேஜ் 100 என்றும் ஸ்கேனர் 201 என்றும் காட்டினால் இரண்டும் ஒரே உண்மையையே கூறுகின்றன.

உயரம் மிகுந்த இடங்களில் இவ்வேறுபாடு மேலும் முக்கியமாகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வாயுமண்டல அழுத்தம் ஏறக்குறைய 66 கிலோபாஸ்கல்தான். அங்கே டர்போ 100 கிலோபாஸ்கல் கூட்டினாலும் ஸ்கேனர் 166 என்றே காட்டும். இதைச் சமவெளியின் 200-உடன் ஒப்பிட்டு டர்போவைப் பழித்தல் தவறாகும். அங்கும் 200 வேண்டுமெனில் காற்றை மும்மடங்கு அமுக்க வேண்டும். சமவெளியில் இருமடங்கே போதும். அளவுமீறிய வேகத்தால் டர்போ சிதையாதிருக்கும் பொருட்டு, கணிப்பொறியே அங்கு இலக்கைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

பரிசோதனை வரிசை

முதலாவதாக, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அது அவ்விடத்து வாயுமண்டல அழுத்தத்திற்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். பெரிதும் விலகியிருந்தால் உணர்கருவியையும் அதன் கம்பிகளையும் ஆராய்க. உணர்கருவி உண்மையைவிட 15 கிலோபாஸ்கல் மிகுதியாகக் காட்டுகிறது என்று கொள்வோம். கணிப்பொறி இலக்கு எய்தப்பட்டதாக எண்ணி டர்போவைத் தளர்த்திவிடும். பிழைக்குறியீடு எதுவும் தோன்றாமலே வண்டி வலுவிழக்கும்.

இரண்டாவதாக, பாரத்துடன் ஏற்றத்தில் ஓட்டி, கணிப்பொறி கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒப்பிடுக. ஓட்டுபவர் சாலையையே நோக்க, மற்றொருவர் ஸ்கேனரைப் படிக்க வேண்டும். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது டர்போ அதிக அழுத்தம் தராது. ஆகவே அந்நிலையில் குறை புலப்படாது.

கிடைப்பது குறைவாயின், மூன்றாவதாகக் காற்றின் பாதையைப் பரிசோதிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் அடைபட்டுள்ளதா? டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் குழாய்களில் வெடிப்பு உண்டா? கிளாம்ப் தளர்ந்துள்ளதா? இணைப்புகளில் புதிதாக எண்ணெய்க் கசிவு தெரிவதும், முடுக்கும்போது ‘உஸ்’ என்ற ஓசை எழுவதும் நல்ல தடயங்கள். எஞ்சினை நிறுத்திக் குளிர்ந்தபின், குழாயில் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோப்பு நீர் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழிகள் தோன்றும்.

நான்காவதாக, டர்போவைக் கட்டுப்படுத்தும் அமைப்பை நோக்குக. வாக்குவத்தால் இயங்குவதாயின், அதன் சிறு குழாய் விரிந்திருத்தல் கூடும். திசை மாறும் இதழ்கள் உள்ள டர்போவில் அவ்விதழ்கள் கரியினால் இறுகியிருக்கலாம். புகையை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு மூடாது நிற்பதும், புகைப்பாதையின் கரி வடிகட்டி அடைபடுவதும் இதே குறையை விளைவிக்கும். இவையாவும் சரியாயிருந்தால்தான், இறுதியாக டர்போவின் அச்சு ஆட்டத்தையும் சக்கர இதழ்களையும் ஆராய வேண்டும்.

பி0299 என்ற பிழைக்குறியீடு ‘அழுத்தம் போதவில்லை’ என்று மட்டுமே கூறுகிறது. எந்த உறுப்பு பழுது என்று கூறுவதில்லை. பி0237 என்பது உணர்கருவியின் மின்சுற்றில் வோல்ட் குறைந்திருப்பதைக் குறிக்கும். முதலாவது நோயின் அறிகுறி. இரண்டாவது, அதனை அறிவிக்கும் சாட்சியின் மீதே எழும் ஐயம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

பௌதிக ஆசிரியர்களுக்கும் இதில் நல்ல பாடம் உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது இவ்வுணர்கருவி ஒரு பாரமானியே ஆகும். மலையேறும் வண்டியில் சற்று உயரத்துக்கு ஒருமுறை நின்று, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி அளவைக் குறித்துக்கொண்டால், உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதற்கான வரைபடத்தை மாணவர்களே வரையலாம்.

களப்பணியாளர்கள் தத்தம் வாகனம் நல்ல நிலையில் உள்ளபோதே, எஞ்சின் நின்ற நிலையிலும் ஏற்றத்திலும் கிடைக்கும் அளவுகளை, இடத்தின் பெயருடன் வண்டிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நலம். பழுது நேரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதனினும் சிறந்த துணை வேறில்லை.