ரீஃபர்பிஷ்டு லேப்டாப்: 'ஐ5' சரி... எந்த ஐ5?

'ஐ5, 16 ஜிபி ரேம், சும்மா பறக்கும்ங்க!' - பழைய லேப்டாப் கடைகளில் சொல்லப்படும் வசனம். எந்த ஐ5 என்று கேளுங்கள். 2015-ல் வந்ததும் ஐ5தான், 2018-ல் வந்ததும் ஐ5தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெலில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும். பிராசஸர் எண்ணைப் பாருங்கள்: 7200 என்றால் 7-ம் தலைமுறை, 8250 என்றால் 8-ம் தலைமுறை. இந்த ஒரு எண்ணில்தான் பலரின் காசு கரைகிறது.

படிப்புக்கு, ஆபீஸ்களில் உழைத்துவிட்டு வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் போதும். பேட்டரி ரிப்போர்ட் மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவில் பாதிதான் மிச்சம் என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேட்கலாம்.

கேமிங்? இவற்றில் பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. வாலரன்ட் குறைந்த செட்டிங்கில் ஓடிவிடும், ஜிடிஏ 5 திணறும். ஜிடிஎக்ஸ் 1650 உள்ள பழைய கேமிங் லேப்டாப் கிடைத்தால், கடையிலேயே அரை மணி நேரம் கேமை ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். சூடேறிய பிறகு வேகம் விழுகிறதா என்பதே கேள்வி. 'அதெல்லாம் எதுக்குங்க?' என்று கடைக்காரர் இழுத்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.