ஈடிஐ இணைப்புக்கு எத்தனை வாரம் ஆகும்?

சிறு, நடுத்தரத் தொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "பேரங்காடி எங்களை ஈடிஐ முறைக்கு மாறச் சொல்லிவிட்டது. எங்கள் கணக்கு மென்பொருளோடு அதை இணைக்க எவ்வளவு காலம் ஆகும்?" மென்பொருள் விற்பவரைக் கேட்டால் ஒரு வாரம் என்கிறார். ஆலோசகரைக் கேட்டால் ஆறு மாதம் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறார்கள்.

ஈடிஐ என்பது மின்னியல் தரவுப் பரிமாற்றம். பேரங்காடியின் கணினி அனுப்பும் கொள்முதல் ஆணை, இடையில் யாரும் தட்டச்சு செய்யாமல், நேராக உங்கள் கணினிக்குள் வந்து சேர வேண்டும். சரக்கு அனுப்பிய விவரமும் விலைப்பட்டியலும் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். இது புதிய சங்கதி அல்ல. எடிஃபாக்ட் என்னும் ஐ.நா. தர முறை 1987-இலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் 1989 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கிய டிரேட்நெட், நாள்கணக்கில் காத்திருந்து வாங்கிய வாணிப அனுமதிகளை நிமிடக்கணக்கில் கிடைக்கச் செய்தது.

கிள்ளானில் மசாலாத் தூள் அரைத்து விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது வகைப் பொருள். அலுவலகத்தில் மூன்று பேர். ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் போன்ற ஏதோ ஒரு கணக்கு மென்பொருள். இரண்டு கணினிகளும் பாதுகாப்பாகத் தொடர்பு கொள்ள வழிசெய்து, வருகிற கோப்பை மென்பொருளுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் வேலை, என் கணக்கில், ஐந்து முதல் பத்து வேலை நாள். விற்பவர் சொல்லும் 'ஒரு வாரம்' இதுதான்.

காலத்தை விழுங்குவது பொருள் பட்டியல். உங்கள் புத்தகத்தில் மிளகாய்த் தூளுக்கு நீங்களே வைத்த ஒரு சுருக்கக் குறி இருக்கும். பேரங்காடிக்கு அது தெரியாது. அது அறிந்தது பட்டைக் குறியின் கீழே அச்சிட்ட, 955 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணை மட்டும்தான். நாற்பது பொருளையும் எடுத்துச் சரிபார்த்தால், பழைய பாக்கெட்டின் எண் இன்னும் பட்டியலில் இருக்கும். இரண்டு பொருளுக்கு ஒரே எண் இருக்கும். சிலவற்றுக்கு எண்ணே இருக்காது.

அடுத்தது அளவு. ஆணையில் 10 என்று வருகிறது. பத்துப் பெட்டியா, பத்துப் பாக்கெட்டா? தொலைநகலில் வந்த காலத்தில் உங்கள் கிராணி பார்த்தவுடன் புரிந்துகொண்டார். சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்டார். கணினி கேட்காது. பெட்டிக்கு 24 பாக்கெட் என்றால், 240 போக வேண்டிய இடத்தில் வெறும் 10 பாக்கெட்டை ஏற்றிக்கொண்டு லோரி போய் நிற்கும். கிளைகள் விஷயமும் இப்படித்தான். பேரங்காடி ஒவ்வொரு கிளைக்கும் தனி எண் வைத்திருக்கும். உங்கள் மென்பொருளிலோ அந்த வாடிக்கையாளருக்கு ஒரே முகவரி பதிவாகியிருக்கும்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 3 ரிங்கிட் 33 காசு விலையுள்ள பாக்கெட்டுக்கு 7 விழுக்காடு கழிவு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கழித்து முழுமையாக்கினால் 3 ரிங்கிட் 10 காசு. 240 பாக்கெட்டுக்கு 744 ரிங்கிட். மொத்தத் தொகையில் கழித்தால் 743 ரிங்கிட் 26 காசு. வித்தியாசம் 74 காசுதான். ஆனால் அந்தக் கணினி தொகை ஒத்துப்போகவில்லை என்று விலைப்பட்டியலையே தள்ளிவிடலாம். தள்ளிய பட்டியலுக்குப் பணம் வராது. அறுபது நாள் கடனில் சரக்கு கொடுக்கும் சிறு நிறுவனத்துக்கு, அந்த அறுபது நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சம்பளம் போடுவதே சிரமமாகிவிடும்.

இவற்றைச் சரிசெய்ய மூன்று வாரமாவது வேண்டும். இணைப்பு வேலை அதனூடே நடக்கலாம். பிறகு சோதனை. இதில் உங்கள் கையில் இல்லாத ஒன்று உண்டு: பேரங்காடியின் கணினிப் பிரிவு உங்களைப் போன்ற பலரை வரிசையில் வைத்திருக்கும். ஒரு சோதனைக் கோப்பை அனுப்பிவிட்டு மூன்று நாள் பதிலுக்குக் காத்திருப்பது சாதாரணம். தீபாவளி, நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கணினி முறையில் கைவைக்கவே பலர் விடமாட்டார்கள். ஆகவே சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். அதன்பின் ஒரு மாதம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடட்டும். ஒரு மாதக் கணக்கு முடிப்பையாவது புதிய முறை தாண்டிவர வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் முதல் பேரங்காடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இரண்டாவதற்கு மூன்று நான்கு வாரம் போதும், பட்டியல் ஏற்கெனவே சுத்தமாகியிருப்பதால். நான்கு மாதம் கடந்தும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் தராமல் இருக்கிறார். அது யார் என்று தேடுங்கள். பல நேரங்களில் அவர் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்.

இடையில் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி, ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. "அதை இணைத்துவிட்டோமே, இது எதற்கு?" என்று கேட்கிறார்கள். வரி வாரியம் பட்டியலைச் சரிபார்த்து அடையாள எண் தருகிறது. கொள்முதல் ஆணையை அது உங்களுக்குக் கொண்டுவந்து தருவதில்லை. இரண்டும் வேறு வேறு வேலை; ஒன்றுக்குச் சுத்தம் செய்த பட்டியல் மற்றதற்கும் உதவும், அவ்வளவுதான்.

ஒப்பந்தம் போடும்போது "இணைப்பு முடிந்ததும் முழுப் பணம்" என்று எழுதாதீர்கள். மூன்று தவணையாகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது ஒன்று, பேரங்காடி சோதனையை ஏற்றுக்கொண்டதும் ஒன்று. கடைசித் தவணையை, புதிய முறையில் அனுப்பிய ஒரு மாத விலைப்பட்டியல்கள் ஒன்றுகூடத் தள்ளப்படாமல் போய்ச் சேர்ந்த பிறகு கொடுங்கள்.