ஏலத்தில் போலீஸ் ஜீப் வாங்கலாமா?



“போலீஸ் ஜீப் ஏலத்துக்கு வருதாம், விலை குறைவாம். காய்கறி, பால் கேன் ஏத்த குழுவுக்கு ஒண்ணு எடுத்தா என்ன?” என்று சில குழுக்களில் பேச்சு வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் போவது நம் சேமிப்புப் பணம். அதனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவோம்.

காவல்துறை கழித்துவிடும் வண்டிகளைப் பொது ஏலத்தில் விடுவார்கள். செய்தித்தாளில் அறிவிப்பு வரும். முன்கூட்டியே வண்டியைப் பார்வையிடலாம். முன்பணம் கட்டித்தான் ஏலம் கேட்க வேண்டும். வண்டி எப்படி நிற்கிறதோ அப்படியே எடுக்க வேண்டும். அப்புறம் “ஓடலையே” என்று திருப்பிக் கொடுக்க முடியாது.

முதலில் வயசு. 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட வண்டி உடைக்கத்தான் போகும், ரோட்டில் ஓட்ட முடியாது. ஆகவே எந்த வருஷத்து வண்டி என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கிலோமீட்டரை மட்டும் நம்பாதீங்க. பந்தோபஸ்து, ரோந்து என்று போலீஸ் வண்டி பல மணி நேரம் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும். அப்போது மீட்டர் ஏறாது, இன்ஜின் தேயும். அமெரிக்காவில் போலீசுக்குக் கார் கொடுக்கும் ஃபோர்டு கம்பெனி, ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் அதை 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு வைக்கிறது. இந்தக் கணக்கில் பார்த்தால், தினம் 2 மணி நேரம் வீதம் 300 நாள் நின்று ஓடிய வண்டிக்கு மீட்டரில் தெரியாமலே 31,800 கிலோமீட்டர் சேரும்! லாக் புக்கைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எப்போது ஆயில் மாற்றினார்கள், என்ன ரிப்பேர் செய்தார்கள் என்பது அதில் தெரியும்.

மெக்கானிக்கோடு போங்க. நம்பிக்கையான மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவு இல்லை. அவர் பார்க்க வேண்டியவை:

- இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.
- ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரிய செலவு வரும்.
- சைரன், வயர்லெஸ், சுழல் விளக்கு கழற்றிய இடத்தில் வயர் அறுந்து தொங்கலாம். அது ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கும். மேல்கூரை ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கலாம்.
- கிளட்ச், பிரேக், பட்டை, டயர், பேட்டரி.
- சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால் இரும்பு விலைக்கு மேல் கேட்காதீங்க.

காகித வேலை. ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்ற, வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32-ல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்கு ஓட்டுவதானால் மஞ்சள் போர்டு வேண்டும். ஆள் ஏற்றும் ஜீப்பைச் சரக்கு வண்டியாக்க அனுமதி கிடைக்குமா என்பதை ஏலத்துக்கு முன்பே அங்கே கேட்டுவிடுங்கள்.

கணக்கு போடுங்க. ஏலத்தொகை, ஜி.எஸ்.டி., ரிப்பேர், பெயிண்ட், இன்சூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதே மாடல் வண்டி வெளியில் ஓடும் நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் வெளியில் ஓட்டிப் பார்த்து வாங்குவதே மேல்.

“இந்தத் தொகைக்கு மேல் கேட்பதில்லை” என்று குழுக் கூட்டத்தில் முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்து போடுங்கள். ஏலம் சூடு பிடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் ஏற்றிக்கொண்டே போவார். அப்போது உங்கள் பிரதிநிதிக்கு அந்தத் தீர்மானம்தான் துணை. தொகை தாண்டினால் தைரியமாகத் திரும்பி வரட்டும்.