எமது மனு எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது?

எண்ணாகமத்தின் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகள் வருகிறார்கள். தகப்பன் செலோப்பியாத் வனாந்தரத்தில் இறந்துபோனார். ஆண்பிள்ளை இல்லை, ஆகவே காணி பங்கிடும்போது அந்தக் குடும்பத்துக்கு எதுவுமில்லை என்ற நிலை. அவர்கள் கூடார வாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று தமது பங்கைக் கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய பிள்ளைகள், எவர் முன்னிலையில் கேட்டார்கள், என்ன தீர்ப்புக் கிடைத்தது என்பதெல்லாம் பதிவில் உண்டு. பின்னர் யோசுவாவின் காலத்தில் நிலம் உண்மையாகவே பங்கிடப்பட்டபோது, முன்னர் சொல்லப்பட்டதை எடுத்துக்காட்டித்தான் அவர்கள் திரும்பவும் போய்க் கேட்டார்கள்.

இடம்பெயர்ந்த எம்மவர் கேட்காமல் இருந்தவர்கள் அல்லர். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களைப் பாருங்கள். விதானையாரிடம், பிரதேச செயலகத்தில், கச்சேரியில், வந்து போன ஒவ்வொரு பிரமுகரிடமும் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். “கொமிசனுக்கும் சொன்னோம், பாராளுமன்றத்துக்கும் எழுதினோம்” என்பார்கள். எந்தக் கொமிசன், எந்தத் திகதி, என்ன இலக்கம் என்று கேட்டால் கையில் ஒன்றுமிராது. இது அவர்களுடைய பிழை மட்டுமன்று. எது எங்கே பதியப்படுகிறது என்பதை எவரும் அவர்களுக்கு விளங்கப்படுத்தவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆணைக்குழு வேறு, பாராளுமன்றக் குழு வேறு. ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு தனது அறிக்கையை ஜனாதிபதியிடம் கையளிக்கும். அதை வெளியிடுவதா வைத்திருப்பதா என்பது பெரும்பாலும் அவர் கையில். மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள், திருகோணமலையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள் முதலானோர் பற்றி விசாரிக்க 2006 இல் நியமிக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009 இல் கையளிக்கப்பட்டது. அது பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது 2015 ஒக்டோபரில். சாட்சி சொன்னவர்கள் தாம் சொன்னது எங்கே போயிற்று என்று அறிய ஆறு வருடங்கள் காத்திருந்தார்கள். பாராளுமன்றக் குழுவோ சபையின் ஓர் அங்கம். அதன் அறிக்கை சபையில் வைக்கப்படும், அச்சிடப்படும், தொடர் இலக்கம் பெறும். அரசாங்கம் அதன்படி நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேடினால் கிடைக்கும் என்பதற்கு உண்டு.

எம்மவர் பத்திரிகையில் அடிக்கடி காணும் குழுக்கள் இரண்டு. திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றின் கணக்குகளைப் பார்ப்பது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, சுருக்கமாகக் ‘கோபா’. 1921 முதல் இருந்து வருகிறது. நெல் சந்தைப்படுத்தல் சபை, மகாவலி அதிகாரசபை, பனை அபிவிருத்திச் சபை போன்ற கூட்டுத்தாபனங்களையும் சபைகளையும் விசாரிப்பது 1979 இல் வந்த ‘கோப்’. இரண்டும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கின்றன. நெல் கொள்வனவிலோ பசளையிலோ உங்கள் பிரதேசத்தில் நடந்த முறைகேடு அங்கே வர வேண்டுமானால், அது முதலில் கணக்காய்வாளரின் கண்ணில் பட வேண்டும். பல வருடங்களாக இக்குழுக்கள் பூட்டிய கதவுக்குள்ளேயே கூடின. 2019 இல்தான் ‘கோப்’ அமர்வுகள் ஊடகவியலாளருக்குத் திறக்கப்பட்டன. அதே ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் பற்றி ஆராய்ந்த தெரிவுக்குழு, மே 29 முதல், சாட்சியங்களை நாடு முழுவதும் பார்க்கக்கூடியதாக எடுத்தது. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள், அதிகாரிகள் வாய் திறந்து பதில் சொல்வதைத் தம் கண்ணால் கண்டார்கள். பகிரங்கம் என்பதன் பெறுமதி அன்று பலருக்கு விளங்கியது. ஜனாதிபதி அதை எதிர்த்தார் என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

எமது வாசகர்களுக்கு இவற்றை எல்லாம்விட நெருக்கமானது பொது மனுக்கள் பற்றிய குழு. அரச அலுவலகமொன்று உங்களுக்கு அநீதி செய்தால், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் இழுத்தடித்தால், நீங்கள் பாராளுமன்றத்துக்கே மனுச் செய்யலாம். தமிழிலேயே எழுதலாம். ஆனால் தபாலில் நேரே போட்டால் போதாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதை ஏற்று, கையொப்பமிட்டு, சபையில் சமர்ப்பிக்க வேண்டும். அவர் உங்கள் மாவட்டத்தவராகவோ நீங்கள் வாக்களித்த கட்சியினராகவோ இருக்கவேண்டியதில்லை. அன்றைய அலுவல்களில் ‘மனுக்கள்’ என்றொரு பகுதி வரும். உறுப்பினர் எழுந்து, இன்ன முகவரியில் வசிக்கும் இன்னாரிடமிருந்து கிடைத்த மனுவைச் சமர்ப்பிக்கிறேன் என்பார். அதைப் பொது மனுக் குழுவுக்குச் சாட்டும்படி கட்டளையிடப்படும். முழு அலுவலும் ஒரு நிமிடம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் பெயரும் முகவரியும் ஹன்சாட்டில் ஏறிவிடும்.

ஹன்சாட் என்பது சபையில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதும் புத்தகம். சிங்களத்தில் பேசினால் சிங்களத்திலும், தமிழில் பேசினால் தமிழிலும் அச்சாகும். முதற் பிரதியில் ‘பிழை திருத்தப்படாதது’ என்றிருக்கும். உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் திருத்தம் அனுப்பலாம். எனவே உங்கள் பெயரோ ஊரோ பிழையாக வந்திருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் அவரிடம் சொல்லுங்கள். ஊர்ப்பெயர் ஓர் எழுத்து மாறினால் பிறகு காணிப் பத்திரத்தோடு ஒத்துப்போகாது. எம்மவர் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ஐந்து முறை, ஆறு முறை இடம்மாறிய குடும்பம் எந்த முகவரியை எழுதுவது? முகாம் முகவரியை எழுதினால் அது மூடப்பட்டபின் கடிதம் வராது. வாடகை வீட்டை மட்டும் எழுதினால், அந்த ஊரவர்போலவே பதிவாகிவிடுவீர்கள். சொந்த ஊரை மட்டும் எழுதினால் அழைப்புக் கடிதம் பற்றைக்காட்டுக்குத்தான் போகும். எமது ஆலோசனை, “இன்ன கிராம அலுவலர் பிரிவைச் சேர்ந்த, தற்காலிகமாக இன்ன இடத்தில் வசிக்கும்” என்று இரண்டையும் ஒரே வசனத்தில் எழுதுவது. அந்த வசனம் அப்படியே அச்சில் வந்தால், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதற்கு அரசின் புத்தகத்திலேயே ஒரு வரி இருக்கும். பெயர் பகிரங்கமாவதால் தீங்கு வரக்கூடும் என்று அஞ்சுபவர்கள், கொடுப்பதற்கு முன்னரே உறுப்பினருடனும் பங்குத்தந்தையுடனும் அல்லது போதகருடனும் கதைத்து முடிவெடுப்பது நல்லது. வீரம் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

மனுவை எடுத்துக்கொண்ட குழு, சம்பந்தப்பட்ட திணைக்களத்திடம் விளக்கம் கேட்கும். தேவையானால் மனுதாரரையும் அதிகாரிகளையும் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டைக்கு அழைக்கும். 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கப் பாராளுமன்றக் குழுக்களுக்கு அதிகாரமுண்டு. உள்ளூரில் “பைலைக் காணவில்லை” என்று சொன்ன அதே அலுவலகம் அங்கே பைலோடு வருவதுண்டு. அழைப்பு வந்தவுடனே, தமிழில் பேசப்போகிறேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் அறிவியுங்கள். அன்று போய் நின்று கேட்டால் அரைகுறை மொழிபெயர்ப்புத்தான் கிடைக்கும். பதிவில் ஏறுவதும் அந்த அரைகுறையே. அனுமதிப்பத்திரம், உறுதி, பழைய பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ் எல்லாவற்றின் போட்டோக் கொப்பியையும் கொடுங்கள். மூலப் பிரதியை ஒருபோதும் கையைவிட்டுக் கொடாதீர்கள். அறையில் நடந்ததைப் பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன் குழுச் செயலாளரிடம் கேளுங்கள். குழு சபைக்கு அறிக்கையிடும் முன் வெளியிடுவது சிறப்புரிமைப் பிரச்சினையாகலாம்.

பெரிதாக எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம். இக்குழு நீதிமன்றமல்ல. சிபாரிசு செய்யும். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் காணியைத் தொடாது. படையினர் வசமிருக்கும் காணியை ஒரு மனுவால் மீட்டெடுத்து விடலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். தவறிப்போன அனுமதிப்பத்திரப் பிரதி, பெயர் மாற்றம், நிறுத்தப்பட்ட கொடுப்பனவு, ஓய்வூதியம் போன்றவற்றில் பயன் கிடைக்கக்கூடிய வாய்ப்பு அதிகம்.

எம்மவர் கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்றுண்டு. பாராளுமன்றம் கலைந்தால் குழுவும் இல்லாமல் போகிறது. 2020 மார்ச்சில் கலைந்தது. 2024 செப்டெம்பரில் திரும்பவும் கலைந்தது. கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டாலும் சிக்கல்தான். 2021 டிசம்பரில் ஜனாதிபதி அப்படிச் செய்தபோது கோப், கோபா இரண்டும் செயலற்றுப்போய், புதிதாக நியமிக்கப்படும்வரை காத்திருக்க நேர்ந்தது. புதிய சபை கூடியதும், உங்கள் பழைய மனு உயிரோடு இருக்கிறதா, மீண்டும் சமர்ப்பிக்க வேண்டுமா என்று அதே உறுப்பினரிடமோ, அவர் தோற்றிருந்தால் வேறொருவரிடமோ கேட்பது உங்கள் பொறுப்பு. முதல் மனு வந்த ஹன்சாட்டின் திகதி கையில் இருந்தால் இரண்டாவது மனுவின் முதல் வசனத்திலேயே அதைக் குறிப்பிடலாம்.

உறுப்பினர் எவரும் மசியவில்லையானால் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, அதாவது ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுங்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவரிடமும் பொது மனுக் குழுவின் வழியாகத்தான் போக முடிந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் நேரடியாகவே முறையிடலாம். மனுச் செய்து மாதங்கள் கடந்தும் அசுமாத்தம் இல்லையானால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட திணைக்களத்திடம், “எனது மனு தொடர்பாகப் பாராளுமன்றக் குழுவுக்கு நீங்கள் எந்தத் திகதியில் என்ன பதில் அனுப்பினீர்கள்?” என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். கேட்ட கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் போடுவித்து, வீட்டில் குடும்ப அட்டை இருக்கும் அதே பையில் வையுங்கள்.