கோடைப் படிப்புக்குக் கடல் தாண்டி

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் பாலக்காட்டு அக்ரஹாரங்களில் ஒரு பையன் படிக்கக் கடல் கடந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியாகிவிடும். திரும்பி வருபவர் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும். செய்துகொண்டாலும் பந்தியில் சேர்க்காத வீடுகள் இருந்தன. அந்தக் காலத்தில், வசதியில்லாத பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த எஸ்.சுவாமிநாதன் உதவித்தொகையில் எடின்பரோவுக்குப் போய்ப் படித்தார். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் தந்தை அவர்.

அன்று வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஆண்டுக் கணக்குதான். பம்பாயில் கப்பல் ஏறினால் இங்கிலாந்து போய்ச் சேரவே இரண்டு மூன்று வாரம் ஆகும். கோடை விடுமுறைக்குப் போய்விட்டு வருவது நடக்கிற காரியமில்லை. போகிறவர் பட்டத்தோடு திரும்புவார், அல்லது திரும்பாமலே இருந்துவிடுவார். அதனால் ஒரு தலைமுறைக்கு ஒருவர், ஒரு தெருவுக்கு ஒருவர் என்றுதான் அது நடந்தது.

விமானம் வந்த பிறகு காலம் சுருங்கியது. திருநெல்லாயியில் பிறந்து, பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்த டி.என்.சேஷன் 1960களின் பிற்பாதியில் ஹார்வர்டுக்குப் போனார். அது ஒரே ஆண்டுப் படிப்பு. ஆனால் அப்போது அவர் மாணவர் இல்லை, பத்தாண்டுக்கு மேல் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையைச் சில வாரங்களுக்கு அயல்நாட்டு வகுப்பறையில் உட்கார வைக்கலாம் என்று அந்த நாளில் இங்கே யாரும் நினைக்கவில்லை.

மலைமேலே இடுக்கிப் பக்கம் கதை வேறு. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களுக்குப் போடிமெட்டும் குமுளியும்தான் உலகத்தின் வாசல். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அவர்கள் இருந்த இடத்திலேயே கேரளத்தவர் ஆனார்கள். மூணாறில் அரசுக் கல்லூரி வந்ததே 1995இல்தான். அதற்கு முன் மேற்படிப்பு என்றால் மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை, இல்லையென்றால் போடி, உத்தமபாளையம், மதுரை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு உடுமலையில் விடுதி கிடைப்பதே பெரிய பயணம். கோடை விடுமுறையில் சிலர் சொந்த ஊர்க் கோயில் கொடைக்குப் போவார்கள், சிலர் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போவார்கள்.

இன்று பாலக்காடு பேருந்து நிலையத்தை ஒட்டிய கட்டடங்களிலும் கட்டப்பனைக் கடைத்தெருவிலும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி விளம்பரங்களைப் பார்க்காமல் நடக்க முடியாது. கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி 2018இல் வெளிநாட்டில் இருந்த கேரள மாணவர்கள் ஏறத்தாழ 1.3 லட்சம். 2023இல் அது 2.5 லட்சம். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் முழுப் பட்டத்துக்காகக் கடன் வாங்கிப் போனவர்கள். போய்ப் பார்க்காத நாட்டுக்கு, போய்ப் பார்க்காத பல்கலைக்கழகத்துக்கு, வீட்டை அடமானம் வைத்துப் போகிறார்கள். அதனால்தான் குறுகிய காலக் கோடைப் படிப்பை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மூன்று வாரம் அங்கே வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு, முழுப் பட்டத்துக்கு அங்கே போகலாமா வேண்டாமா என்பதைத் தரகர் சொல்ல வேண்டியதில்லை.

லண்டன் பொருளாதாரக் கல்லூரி 1989 முதல் கோடைப் பள்ளி நடத்துகிறது. ஐரோப்பாவில் பல பல்கலைக்கழகங்கள் இதே வழியில் இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை வகுப்பு வைக்கின்றன. ஒன்றிரண்டு பாடங்கள், விடுதி அறை, வாரக்கடைசியில் சுற்றுப்பயணம், முடிவில் தேர்வும் மதிப்புப் புள்ளிகளும் உண்டு. விசாவும் சுலபமான வகைதான். பிரிட்டனுக்குப் பார்வையாளர் விசாவிலேயே ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்பைப் படிக்கலாம். ஷெங்கன் நாடுகளுக்கு 90 நாள் வரை குறுகிய கால விசா போதும். செலவுதான் மலைக்க வைக்கிறது. லண்டனில் மூன்று வாரப் பாடத்துக்குக் கட்டணம் மட்டுமே இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டும். விமானமும் தங்குமிடமும் தனி. ஒப்பிட்டுப் பாருங்கள், 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் தோட்டப் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடியபோது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். போராடிப் பெற்றது 301.

பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். யாரும் பேசாத இரண்டு தடைகள் இருக்கின்றன.

ஒன்று, நாள்காட்டி. கேரளக் கல்லூரிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஐரோப்பியக் கோடைப் படிப்பு பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. அப்போது இங்கே மழைக்காலம், கல்லூரி திறந்து வகுப்பு நடக்கிறது. 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி தலைக்குமேல் நிற்கிறது. கஞ்சிக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஐ.ஐ.டி. மாணவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருடைய விடுமுறை மே நடுவிலிருந்து ஜூலை வரை. கனடாவின் மிடாக்ஸ் அமைப்பு நடத்தும் 12 வார ஆய்வுப் பயிற்சிக்கும் அவரால் விண்ணப்பிக்க முடிகிறது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில், 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் படிக்கும் கொழிஞ்சாம்பாறைப் பெண்ணுக்கு உதவித்தொகையே கிடைத்தாலும் வகுப்பை விட்டுப் போனால் பருவத் தேர்வு எழுத முடியாமல் போகலாம். ஒரே மாவட்டத்தில் இப்படி இரண்டு நாள்காட்டி.

இன்னொன்று, காகிதம். பட்டியல் சாதி மாணவர்கள் அயல்நாட்டில் படிக்கக் கேரள அரசு உதவுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் தோட்டத் தமிழர் பலருக்கு அதன் முதல் படியே எட்டாது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்பது சட்டம். 1990இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. 1950இன் பட்டியல் சாதிகள் ஆணை வருவதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். தாத்தாவின் பெயர் எந்தத் தோட்டப் பதிவேட்டில் இருக்கிறது என்று பேரன் தேடி அலைய வேண்டும். தாத்தா 1955இல் வந்திருந்தால் கேரளத்தில் சான்று இல்லை. தமிழ்நாட்டில் குடியிருப்பு இல்லாததால் அங்கும் சலுகை இல்லை. லயம் கம்பெனியின் சொத்து. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால் வங்கியில் ஈடு வைக்கப் பட்டா கிடையாது. மூன்று தலைமுறையாக இந்த மண்ணுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அவர்களை இரண்டு மாநிலமும் தம் பிள்ளையாகக் கணக்கில் எடுக்காதது பெரிய அநீதி.

தமிழ்நாடு அரசு செய்துகாட்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ஒரு பகுதியாக 2024 ஜூனில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனார்கள். செலவு அரசுடையது. ஒரு வாரம் குறைவுதான். ஆனாலும் பிள்ளையின் வீட்டில் பணம் இருக்கிறதா என்று கேட்காமல் அழைத்துப் போனார்களே, அது பெரிது. உத்தமபாளையத்திலோ பொள்ளாச்சியிலோ படிக்கும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இத்தகைய வாய்ப்பின் வாசல் ஓரளவு திறந்திருக்கிறது. மூணாறு கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குத் திறக்கவில்லை. அந்தக் கல்லூரியோ 2018 ஆகஸ்ட் மண்சரிவில் கட்டடத்தை இழந்து வேறு இடங்களில் வகுப்பு நடத்த வேண்டி வந்தது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கோழிக்கோடு, மகாத்மா காந்தி பல்கலைக்கழகங்கள், தாம் அங்கீகரித்த கோடைப் படிப்புக்குப் போகும் மாணவருக்கு வருகைப் பதிவில் விலக்கு தரட்டும். 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டத்தில் அங்கே பெறும் மதிப்புப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். தமிழ்நாடு அரசு தன் வெளிநாட்டுப் பயிற்சியில் கேரளத் தமிழ் மாணவருக்குச் சில இடங்களை ஒதுக்கட்டும்.

மூணாறிலும் வண்டிப்பெரியாற்றிலும் சித்தூரிலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அரசாணைக்காகக் காத்திருக்காதீர்கள். முதலாம் ஆண்டிலேயே கடவுச்சீட்டு எடுத்து வையுங்கள். கட்டணம் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். இடுக்கிப் பிள்ளைகள் முன்பு போல இதற்காக வெகுதூரம் ஓட வேண்டாம், கட்டப்பனை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. ஜூன் மாதப் படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஓணம் விடுமுறையிலேயே தேடத் தொடங்குங்கள்.