போட்டியும் பொதுத்தளமும்: பினாங்கின் சில்லுத் தொழில் தரும் பாடம்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தை நம்மில் பலர் கடந்து சென்றிருப்போம். உலகச் சந்தையில் ஒன்றையொன்று முந்த முனையும் கணினிச் சில்லு நிறுவனங்கள் அங்கே அண்டை வீட்டாராக இயங்குகின்றன. இஃது எவ்வாறு இயன்றது என்பதை ஆராய்வோம்.

1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ தலைமையிலான மாநில அரசு மின்னணுத் தொழிலை நாடியது. 1972இல் அங்குச் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அவ்வாண்டில் இங்கு நிறுவியது. பின்னாளில் அதன் நேர்ப்போட்டியாளராக வளர்ந்த ஏஎம்டியும் அக்காலத்திலேயே வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் உருவான சிலிக்கான் தகடுகளை நுண்துண்டுகளாக அறுத்து, மெல்லிய கம்பிகளால் இணைத்து, உறையிட்டுச் சோதிப்பதே தொடக்கக்காலப் பணி. உருப்பெருக்கியின் முன் அமர்ந்து அதனைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

தொழில் வளர வளரத் திறனாளர் பற்றாக்குறை எழுந்தது. ஒரு நிறுவனம் பயிற்றுவித்த ஊழியரை மற்றொன்று கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொள்ளுமாயின், பயிற்சிக்குச் செலவிட எவரும் தயங்குவர். இச்சிக்கலுக்கு விடையாக, 1989இல் அரசும் நிறுவனங்களும் கல்வியாளரும் இணைந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தோற்றுவித்தனர். பொருளை விற்பதில் போட்டி. ஆளை உருவாக்குவதில் கூட்டு.

தமிழ் மென்பொருளின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். வேறு பலரும் தமிழ் எழுத்துருக்களை ஆக்கினர். ஆனால், ஒவ்வோர் ஆக்குநரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி குறியீட்டெண் வழங்கியமையால், ஒரு மென்பொருளில் எழுதிய கட்டுரை இன்னொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் பொதுத்தரம் குறித்து விவாதித்தன. இன்று யூனிகோடு என்னும் உலகப் பொதுக்குறியீடு தமிழுக்கும் உரியதாகையால், எந்நாட்டுக் கைப்பேசியிலும் நம் எழுத்து சிதையாமல் தோன்றுகிறது.

போட்டி தரத்தை உயர்த்தும். பொதுத்தளமோ அப்பயனை எல்லார்க்கும் உரியதாக்கும். சிறிய சந்தையை உடைய மொழிக்கு இது மேலும் இன்றியமையாதது. ஆதலின், ஆசிரியர்கள் கலைச்சொற்களை ஒரே சீராகப் பயிற்றுவிப்பதும், மாணவர்கள் பொதுத்தரத்தில் தட்டெழுதப் பழகுவதும் சிறுபணிகள் அல்ல. நாளைய தமிழ் மென்பொருள் எழுவதற்கான அடித்தளம் அவையே.